வீடே சேர்ந்து நிறுத்தணும்

   

'நலமான வாழ்வுக்கு வழிகாட்டுவது மருத்துவ அறிவா, சமய நெறியா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "கொய்யாவுல வைட்டமின் சி இருக்குன்னு உங்க பைபிள்லயா போட்டிருக்கு?" என்று கேட்டார். போடலைங்க! எப்படிப் போடும்? கொய்யா அமெரிக்கக் கண்டத்துப் பழம். போர்த்துக்கீசியர் காலத்துல கப்பலேறி வந்தது. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கு, ஆரஞ்சைப் போல நாலு மடங்கு. கண்டுபிடிச்சது விஞ்ஞானம்தான், ஒத்துக்கிறேன். ஆனா இதே ஆயக்குடிச் சந்தையில் பெட்டி பெட்டியா கொய்யாவை லாரி ஏத்திவிட்டு, வீட்டுப் பிள்ளைக்குப் பேக்கரியில கிரீம் பன் வாங்கிட்டுப் போறோமே, அது அறிவு இல்லாமலா? (சிரிப்பு) எல்லாம் தெரியுதுங்க. நாக்குதான் கேக்க மாட்டேங்குது!

ஒரு வீட்டுல அண்ணாச்சிக்குச் சர்க்கரை 280. டாக்டர் சோத்தைக் குறைக்கச் சொல்லிட்டார். அண்ணாச்சி ஒரு மூலையில ரெண்டு சப்பாத்தியோட உக்காந்திருக்கார். சுத்தி உக்காந்து பிள்ளைகள் பிரியாணி சாப்பிடுது. எத்தனை நாளைக்கு அய்யா தாங்குவார்? நாலாம் நாள் ராத்திரி அண்டாவுக்குள்ள கை போயிடும்! (கைதட்டல்)

எங்க தவக்காலத்தைப் பாருங்க. சாம்பல் புதன் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுட்டு நாற்பது நாள். கட்டுத்திட்டமா இருக்கிற வீட்டுல தாத்தாவுக்கும் கறி இல்லை, பேரனுக்கும் கறி இல்லை. ஒருத்தர் தட்டை ஒருத்தர் ஏக்கமாப் பாக்குற வேலையே கிடையாது. டாக்டர் சீட்டு ஒருத்தர் பேருக்குத்தான் எழுதுவார். நோன்பு வீட்டுக்கே எழுதுது!

தானியேல் கதையும் இதுதான். பாபிலோன் அரண்மனையில ராஜா சாப்பாடு, ராஜா திராட்சரசம். அவரும் மூணு தோழர்களும் மரக்கறியும் தண்ணியும் போதும், பத்து நாள் சோதிச்சுப் பாருங்கன்னு சொன்னாங்க. நாலு பேர் சேர்ந்து இருந்தாங்க அய்யா, அதைக் கவனிக்கணும்.

எதிரணிக்குக் கணக்கு வேணுமாம். தர்றேன். அமெரிக்காவுல கலிபோர்னியாவில் ஏழாம் நாள் அட்வெந்து சபைக்காரங்களை லோமா லிண்டா பல்கலைக்கழகம் வருஷக்கணக்கா ஆராய்ந்தது. புகை கிடையாது, மது கிடையாது, பல பேர் கறியும் தொடுறதில்லை. சனிக்கிழமை முழு ஓய்வு. 2001-ல் வந்த முடிவுப்படி, மற்ற கலிபோர்னியாக்காரங்களைவிட ஆண்களுக்கு ஏழு வருஷம், பெண்களுக்கு நாலு வருஷத்துக்கு மேல ஆயுசு கூடுதல். எண்ணிப் பார்த்தது மருத்துவம், நான் மறுக்கலை. வாழ வச்சது எது? சபை! (பலத்த கைதட்டல்)

"திண்டுக்கல் முத்தழகுப்பட்டி செபஸ்தியார் திருவிழாவுல ஆடும் கோழியுமா அன்னதானம் போடுறீங்களே, அது எந்த நோன்பு?" என்று அம்மையார் கேட்டாங்க. அது விருந்தும்மா! ஆகஸ்ட் மாசம் ஒரு தடவை, சாதி மதம் பாக்காம ஊரே உக்காந்து சாப்பிடுற விருந்து. விருந்துக்குத் தேதி இருக்கிறவரைக்கும் ஆபத்தில்லை. வாராவாரம் பார்சல் வருதே, அதுக்குத் திருநாள் எது? (சிரிப்பு)

இன்னொன்றையும் மறைக்காம சொல்லணும். பெரிய வெள்ளிக்கிழமை ஒருசந்தின்னு சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டு, கோவில்ல மயங்கி விழுறவங்க இருக்காங்க. அது பக்தி இல்லை தாயி! கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்துல நோன்புக் கடமை 18 வயசுக்கு மேல, 59 முடியிற வரைக்கும்தான். நோயாளிக்கு விலக்கு உண்டு, கர்ப்பிணிக்கு உண்டு. தீமோத்தேயுவுக்கு வயித்துக் கோளாறுன்னதும், வெறும் தண்ணி வேண்டாம், கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கன்னு பவுலடியாரே எழுதுறார். உடனே யாரும் டாஸ்மாக்குக்கு வழி கேக்கக்கூடாது! (சிரிப்பு) ஏன், இந்த ரோட்டுலயே கிழக்கே போனா ஒட்டன்சத்திரம். அங்க 1955-ல் டாக்டர் தரியன் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையை ஆரம்பிச்சது விசுவாசத்தாலதானே? மருந்தும் எங்க வீட்டுப் பிள்ளைதான்.

கடைசியா ஒண்ணு. பல வீட்டுல நோன்பு இருக்கிறது அம்மா மட்டும். தான் பட்டினி கிடந்துக்கிட்டே மத்தவங்களுக்கு மூணு வகை சமைக்கிறா. பொழுது சாஞ்சதும் மிச்சம் இருக்கிற அடிப்பானைச் சோறு அவளுக்கு. நோன்புன்னா பசிச்சவங்களோட பகிர்ந்து சாப்பிடுறதுன்னு ஏசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரம் சொல்லுது. அந்தப் பசிச்சவங்க பட்டியல்ல நம்ம வீட்டு அம்மா இல்லையா? வர்ற வெள்ளிக்கிழமை ஆண்கள் கஞ்சி காய்ச்சுங்க. ஒரு துவையல், ஒரு கொய்யாப்பழம். அம்மாவை முதல் பந்தியில உக்கார வச்சுப் பரிமாறுங்க. (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியடிச்சுட்டார். தீர்ப்பை எங்க அணிக்கே தருவார்னு விசுவாசிக்கிறேன்.