புகையிலைத் தளையை அறுக்க வந்த கண்டுபிடிப்புகள்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

"அறிவியல் கண்டுபிடிப்புகள்" என்னும் பொதுத் தலைப்பைக் கொடுத்து, அதில் எதைப் பற்றியேனும் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார். விண்கலத்தைப் பற்றியும் கணினியைப் பற்றியும் பேச எம்மினும் வல்லோர் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட கண்டுபிடிப்புகள் சட்டைப் பையில் அடங்கும் அளவே சிறியன. புகையிலைப் பழக்கத்தில் சிக்கியவர் அதனின்று விடுபடுவதற்காக அமைக்கப்பட்டவை அவை. கல்விக் கழக விழாவில் இப்பொருள் எதற்கு என்று கேட்பீர்களாயின், ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நாம் உதவி ஆசிரியராய் இருந்த காலம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளியின் பின்சுவரருகே பீடி பிடித்தபோது எம்மிடம் அகப்பட்டான். நம் தெருப்பிள்ளைதான். கணக்கில் கெட்டிக்காரன். பிரம்பால் அடித்தோம், மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் நிற்க வைத்தோம். அதற்கடுத்த நாள் அவன் வரவில்லை. பின்னர் வரவேயில்லை. அவன் விட்டது பள்ளியைத்தான்; பீடியை விடவில்லை. அவனை அடித்த அந்நாளில் எம் சட்டைப் பையில் ஒரு சிகரெட்டுப் பெட்டி இருந்தது என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகின்றோம்.

எம் தந்தையார் கூலி வேலை செய்தவர். முற்பகல் பத்து மணிக்கு வரப்பில் வெற்றிலையும் புகையிலைக் காம்பும் கொடுப்பார்கள். பசி தெரியாமல் பிற்பகல் வரை வேலை நடக்கும். அது வேலை கொடுத்தவரின் தாராளம் என்றே நம் முன்னோர் பலர் எண்ணினர். புகையிலை பசியை மட்டுப்படுத்தும் என்பது மருத்துவ நூல்கள் ஒப்புக்கொள்ளும் உண்மை. தந்தையாரின் வாயில் ஆறாத புண் வந்தபோது, "பாழும் பழக்கத்தை விட முடியாதவர்" என்று அவரையே ஊர் குறைகூறிற்று. நாமும் கூறினோம்.

இந்தக் குறைகூறல் எவ்வளவு அறியாமை என்பதை நிகோட்டின் என்னும் பொருளின் வரலாறு காட்டுகின்றது. புகையிலையிலிருந்து இதனை 1828-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் போசெல்ட், ரெய்மன் என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். புகையை உள்ளிழுத்த சில நொடிகளிலேயே இது மூளையைச் சென்றடைகின்றது. அங்கே இன்ப உணர்வைத் தரும் நரம்பணுக்களைத் தூண்டுகின்றது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள அளவு பாதியாகக் குறைந்துவிடும். குறைந்தவுடன் எரிச்சல், பதற்றம், கவனமின்மை. மீண்டும் ஒன்றைப் பற்றவைத்தால் அவை தணிகின்றன. இதனைச் சுகம் என்று நினைக்கின்றோம். பழக்கம் உண்டாக்கிய துன்பத்தைப் பழக்கமே சற்று நேரம் ஆற்றுகின்றது என்பதே உண்மை. மருந்தின் துணையின்றித் தம் மன உறுதியை மட்டும் நம்பிச் சிகரெட்டை விட முயல்வோரில், ஒவ்வொரு முயற்சியிலும் நூற்றுக்கு மூவர் முதல் ஐவரே ஆறு மாதங்களோ ஓராண்டோ தாக்குப்பிடிக்கின்றனர். எஞ்சிய தொண்ணூற்றைந்து பேரும் மனத்திண்மை அற்றவர்கள் என்று கூறிவிட முடியுமா?

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளல் வேண்டும். மனிதனைப் புகையோடு கட்டிப்போடுவது நிகோட்டின். புற்றுநோயையும் நுரையீரல் நோயையும் தருபவை பெரும்பாலும் புகையிலுள்ள தாரும் பிற நச்சுகளும் ஆகும். இலண்டனில் ஆய்வு செய்த மைக்கேல் ரஸ்ஸல் என்னும் மருத்துவர் இந்த வேறுபாட்டை 1976-இல் தெளிவாக எடுத்துரைத்தார். அப்படியாயின், புகையை விலக்கி நிகோட்டினை மட்டும் சிறிது சிறிதாகக் கொடுத்து, பின்னர் அதனையும் குறைத்துக்கொண்டே வந்தால் என்ன? இக்கேள்வியிலிருந்தே நாம் கூறப்போகும் கண்டுபிடிப்புகளுள் முதலிரண்டும் பிறந்தன.

முதலாவது ஸ்வீடன் நாட்டில் தோன்றியது. லுண்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் கிளேஸ் லுண்ட்கிரென் என்னும் ஆய்வாளர், நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றும் கடற்படையினரைக் கவனித்தார். கப்பலுக்குள் புகைத்தல் கூடாது. புகைத்துப் பழகிய வீரர்கள் என்ன செய்தனர்? வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறி எளிதில் சமாளித்தனர். இதனை அவர் 1967 டிசம்பரில் ஹெல்சிங்போரி நகரிலிருந்த லியோ என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுத் தலைவர் ஓவே பெர்ன்யோவுக்குக் கடிதமாய் எழுதினார். பெர்ன்யோ ஒரு வேதியியலார். தாமே பெரும் புகைப்பழக்கம் உடையவர். எனவே கடிதம் தக்க கையிலேயே சேர்ந்தது எனலாம்.

நிகோட்டினைச் சூயிங்கத்தில் சேர்ப்பது கேட்பதற்கு எளிது. செய்தபோது இரண்டு இடையூறுகள் எழுந்தன. வெறுமனே கலந்தால் நான்கு முறை மென்றவுடன் அனைத்தும் எச்சிலில் கரைந்து தொண்டைக்குள் இறங்கிவிடும். இறங்கியதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். வயிற்றுக் குமட்டலே மிஞ்சும். ஆகவே நிகோட்டினை அயனிப் பரிமாற்றப் பிசின் ஒன்றில் பிணைத்தனர். மெல்ல மெல்ல எச்சிலிலுள்ள உப்புகள் வந்து இடத்தைப் பிடிக்க, நிகோட்டின் சிறிது சிறிதாக விடுபட்டது. கடின நீரை மென்னீராக்கும் முறையைப் பாடத்தில் படித்த மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இரண்டாவது இடையூறு வாய்த் தோலைக் கடப்பது. ஊடகம் காரத்தன்மையோடு இருந்தாலன்றி நிகோட்டின் கன்னத்தின் உட்தோலை எளிதில் ஊடுருவாது. ஆகையால் சூயிங்கத்தில் கார உப்பைச் சேர்த்தனர். இவ்விடத்தில் நம் பாட்டிமார்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வெற்றிலையோடும் புகையிலையோடும் சுண்ணாம்பைத் தடவிக் கன்னத்தில் அதக்கிக்கொள்கின்றார்களே, அந்தச் சுண்ணாம்பும் இதே வேலையைத்தான் செய்கின்றது. அவர்கள் அறிந்தது பழக்கத்தை வலுவாக்கப் பயன்பட்டது. அதே வேதியியல் ஸ்வீடனில் பழக்கத்தை விடுவிக்கப் பயன்பட்டது.

"நிக்கோரெட்" என்று பெயரிடப்பட்ட இச்சூயிங்கத்திற்கு 1978-இல் சுவிட்சர்லாந்து இசைவு தந்தது. அமெரிக்கா 1984-இல் இசைந்தது. இன்று 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்னும் இரு அளவுகளில் பல நிறுவனங்களின் தயாரிப்பாக நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கின்றது.

இதனைப் பயன்படுத்தும் முறையை விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நாம் முதன்முறை வாங்கியபோது கடைச் சூயிங்கத்தைப் போலவே விடாமல் மென்றோம். உடன் தேநீரும் பருகினோம். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் மூன்றும் வந்தன. "இது ஏமாற்று வேலை" என்று சொல்லி அட்டையோடு எறிந்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தோம். ஓராண்டு கழித்து அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவர் பொறுமையோடு விளக்கிய பின்னரே எம் தவறு புலப்பட்டது. முதலில் மெதுவாகச் சில முறை மெல்ல வேண்டும். காரமான சுவையோ சுறுசுறுப்போ தோன்றியவுடன் நிறுத்தி, ஈறுக்கும் கன்னத்திற்கும் இடையே ஒதுக்கிவிட வேண்டும். உணர்வு அடங்கியபின் மீண்டும் சிறிது மெல்ல வேண்டும். இவ்வாறு அரைமணி நேரம். மெல்லுவதற்குக் கால்மணி முன்பிருந்தே தேநீர், காப்பி, மோர், எலுமிச்சைச் சாறு, சோடா ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். அவற்றின் அமிலம் வாயின் காரத்தன்மையைக் கெடுத்துவிடும்; நிகோட்டின் உட்செல்லாது. நாம் தேநீர் பருகிக்கொண்டே மென்றது எத்துணை அறிவுடைமை என்பதை அறிவியல் ஆசிரியர்கள் சிரித்துக்கொள்ளலாம்! இரண்டாம் முறை முறைப்படி மென்றோம். மூன்று மாதத்தில் சூயிங்கமும் தேவையற்றுப் போயிற்று. இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம் அவ்வாறு நீங்கிற்று.

இரண்டாவது கண்டுபிடிப்பு தோலில் ஒட்டும் நிகோட்டின் பிளாஸ்திரி. இதன் வரலாற்றை நம் இளைஞர்கள் தனியே நினைவிற் கொள்ளுதல் நன்று. ஏனெனில் இதன் வேர் உழைப்பாளியின் உடலில் இருக்கின்றது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் புகையிலை அறுவடை செய்யும் தொழிலாளருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவதுண்டு. பனியாலும் மழையாலும் நனைந்த பச்சை இலையைத் தொட்டுத் தூக்கும்போது நிகோட்டின் தோல் வழியே உடலுள் புகுவதே காரணம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் இருந்த மர்ரே ஜார்விக், ஜெட் ரோஸ் ஆகிய இருவரும் இந்நோயைப் பற்றிச் சிந்தித்தனர். தோல் வழியே நஞ்சு நுழையுமாயின், அளவோடு மருந்தும் நுழையுமன்றோ? பிறர் மீது சோதனை செய்ய உடனே இசைவு கிடைக்கவில்லை. ஆகவே தம் தோலின் மீதே வைத்துப் பார்த்தனர், நாடித்துடிப்பு உயர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் நிகழ்ந்த இம்முயற்சி வளர்ந்து, 1991-இன் இறுதியில் அமெரிக்க அரசின் இசைவைப் பெற்றது. வேடசந்தூர்ப் பகுதியிலும் வேதாரண்யத்திலும் புகையிலைக் காட்டில் வேலை செய்தவர்கள் இக்கூட்டத்தில் இருப்பின், அந்தத் தலைசுற்றலை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பிளாஸ்திரியைக் காலையில் மயிரற்ற தூய தோலில் ஒட்டினால் நாள் முழுதும் ஒரே சீராக நிகோட்டின் கிடைக்கும். நாள்தோறும் இடத்தை மாற்ற வேண்டும். 21, 14, 7 மில்லிகிராம் எனப் படிப்படியாய்க் குறைத்து, இரண்டு மூன்று மாதங்களில் நிறுத்துவது வழக்கம். திடீரென எழும் வேட்கைக்குச் சூயிங்கமும் உடன் பயன்படுத்தினால் வெற்றி வாய்ப்பு மிகும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இவை மந்திரமல்ல. விட முயல்வோர் வெற்றி பெறும் வாய்ப்பை ஒன்றரை மடங்கு அளவுக்கு உயர்த்துகின்றன, அவ்வளவே. ஆயினும் அந்த அளவும் ஒரு குடும்பத்திற்குப் பெரிது.

மூன்றாவது மருந்து ஒரு மரத்திலிருந்து வந்தது. ஐரோப்பாவில் மஞ்சள் பூங்கொத்து தொங்கும் லேபர்னம் என்னும் மரத்தின் இலையை, இரண்டாம் உலகப் போரின்போது புகையிலை கிடைக்காத வீரர்கள் புகைத்தனர். அதிலுள்ள சைட்டிசின் என்னும் பொருள், நிகோட்டின் அமரும் அதே இடத்தில் மூளையில் அமர்கின்றது. வேட்கையையும் தணிக்கின்றது, மேலே புகைத்தால் சுவையில்லாமலும் செய்கின்றது. பல்கேரியா நாடு இதனை 1964 முதல் "டாபெக்ஸ்" என்னும் மாத்திரையாக விற்றது. விலை மிகக் குறைவு. இருபத்தைந்து நாள் உட்கொள்ளல். ஆனால் கீழை ஐரோப்பாவில் பிறந்த மருந்து என்பதாலோ என்னவோ, மேலை நாட்டார் நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 2011-இல் வார்சாவில் 740 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. ஓராண்டு முழுதும் புகைக்காமல் இருந்தோர், மருந்து உண்டவரில் நூற்றுக்கு 8.4, வெற்று மாத்திரை உண்டவரில் 2.4. ஏழை எளியவர்க்கு ஏற்ற ஒரு மருந்து நாற்பது ஆண்டுக்கு மேல் கண்ணெதிரே கவனிப்பாரற்றுக் கிடந்தது. பிறந்த இடத்தை வைத்து மதிப்பிடும் பழக்கம் மருந்தையும் விடவில்லை போலும்!

நம் சரக்கொன்றையை ஆங்கிலேயர் "இந்திய லேபர்னம்" என்று அழைத்தனர். பூவின் ஒற்றுமையால் வந்த பெயர் அது, மரம் வேறு. எவரும் கொன்றை இலையைப் பறிக்கப் புறப்பட வேண்டாம். உண்மையான லேபர்னமோ நச்சு மரம்.

சைட்டிசினை முன்மாதிரியாகக் கொண்டே ஃபைசர் நிறுவனம் வரெனிக்ளின் என்னும் மாத்திரையை உருவாக்கி 2006-இல் வெளியிட்டது. மனச்சோர்வுக்குரிய பூப்ரோப்பியானும் இதற்குப் பயன்படுகின்றது. இவற்றை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும். கருவுற்ற தாய்மாரும் இதய நோயாளரும் சூயிங்கத்திற்கும் பிளாஸ்திரிக்குங்கூட மருத்துவரைக் கேட்டல் நன்று.

மின்சிகரெட்டைப் பற்றி இளைஞர்கள் கேட்பார்கள் என அறிவோம். சீன நாட்டு மருந்தாளர் ஹொன் லிக் 2003-இல் அமைத்தது அது. புகைப்போர் சிலருக்கு அது உதவியதுண்டு. ஆயினும் புகைத்தறியாத மாணவரையும் அது ஈர்த்தது. 2019-இல் இந்திய அரசு சட்டமியற்றி அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. ஆகவே அதனை இங்கே விரிக்கவில்லை.

இம்மருந்துகள் பெரும்பாலும் புகைப்போரிடம் சோதிக்கப்பட்டவை. புகையிலையை மெல்லுவோருக்கு இவை எவ்வளவு உதவும் என்பது அந்த அளவுக்கு நிறுவப்படவில்லை. நம் தெருக்களில் மெல்லுவோரே மிகுதி. எம் தந்தையாரைப் போன்றவர்களுக்கு ஆய்வுக்கூடங்கள் இன்னும் கடன்பட்டிருக்கின்றன என்றே கூறுவோம்.

விலையைப் பற்றியும் கூற வேண்டும். நாட்கூலி பெறுபவர் பீடிக் கட்டையும் மருந்து அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கை எங்கே போகும்? உலகச் சுகாதார நிறுவனம் நிகோட்டின் மாற்று மருந்துகளை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் 2009-இல் சேர்த்தது. இந்திய அரசின் பட்டியலில் 2022-இல் இவை இடம்பெற்றன. பட்டியலில் இருக்கும் மருந்தை அரசு மருத்துவமனையில் கேட்பது இரந்து நிற்பது ஆகாது. இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்து மூலம் கேட்கும் அளவுக்கு நம் பிள்ளைகளை இக்கழகம் படிக்க வைத்திருக்கின்றது. 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 2016 முதல் இயங்குகின்றது. பழக்கத்தை விட விரும்புவோருக்கு அறிவுரை வழங்குகின்றார்கள். மருந்தோடு அறிவுரையும் சேரும்போது பயன் கூடும்.

தொடக்கத்தில் கூறிய மாணவனை மீண்டும் கண்டோம். அவன் மகள் இவ்வாண்டு எம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கின்றாள். சேர்க்கைக்கு வந்தவன் வாயிலிலேயே நின்று பீடியைக் காலால் அணைத்துவிட்டு உள்ளே வந்தான். எம்மைப் பார்த்துக் கைகள் நடுங்கின. அச்சமோ பழக்கமோ அறியோம். "ஐயா, எத்தனையோ முறை விட்டுப் பார்த்தேன், முடியவில்லை" என்றான். நாற்காலியில் அமரச் செய்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, சூயிங்கத்தை எப்படி மெல்ல வேண்டும் என்று விளக்கினோம். தேநீர் கூடாது என்பதை மட்டும் இருமுறை சொன்னோம். அரசு மருத்துவமனைக்கு அவனுடன் நாமும் சென்றோம். இப்போது ஆறாவது வாரம். நடுவில் இரண்டு நாள் தவறினான், மறுபடியும் தொடங்கியிருக்கின்றான். கேட்க விரும்புவோர் விழா முடிந்தபின் நூலக அறைக்கு வரலாம். நாம் அங்கே இருப்போம்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கின்றார்.