கடன் பத்திரமும் ஜூபிலிக் கொம்பும்
(ஜூபிலி விழாத் திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கின் ஜூபிலிக்காகக் கோவிலுக்கு வெள்ளையடித்தோம், தோரணம் கட்டினோம், தேரை அலங்கரித்தோம். எல்லாம் நன்றே. ஆயினும் ஜூபிலி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று சற்றே சிந்திப்போம். எபிரேய மொழியில் 'யோபேல்' என்றால் ஆட்டுக்கிடாயின் கொம்பு. ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து, ஐம்பதாம் ஆண்டு பிறக்கையில், பாவப் பரிகார நாளன்று அந்தக் கொம்பை ஊதுவார்கள். ஓசை கேட்டதும் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும் என்று லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரம் விதிக்கிறது. வறுமையால் விற்ற நிலம் விற்றவனுடைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றுக்கொண்டவன் விடுதலையாகி வீடு சேர வேண்டும். உழுத நிலமும் ஓய்ந்திருக்க வேண்டும். காரணம் என்ன? நிலம் கடவுளுடையது, நாம் அதில் தங்கிப் போகிறவர்கள். 1300ஆம் ஆண்டில் பாப்பரசர் எட்டாம் போனிப்பாஸ் திருச்சபையில் முதல் ஜூபிலியை அறிவித்தபோது, பாவக் கடனின் மன்னிப்பே அதன் மையமாக இருந்தது. ஆகவே ஜூபிலி என்றாலே கட்டவிழ்ப்பு என்றுதான் பொருள்.

இது யூதர்களின் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது, அன்பர்களே. மேற்கே தலை நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை தெரிகிறது. அம்மலை மக்கள் பல தலைமுறைகளாக ஜாகீர்தார்களுக்குக் கட்டுப்பட்டு, வரியும் கொடுத்து, கூலியில்லா வேலையும் செய்து வாழ்ந்தார்கள். 1947இல் நாட்டுக்கு வந்த சுதந்திரம் மலையேற ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. 1976இல்தான் ஜாகீர் ஆதிக்கம் முடிந்து மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதே 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் நாடு முழுவதற்கும் இயற்றப்பட்டது. அந்த ஆண்டோடு ஐம்பதைக் கூட்டிப் பாருங்கள்: 2026. நம் மலைக்கும் இது ஜூபிலிக் கணக்கே!

எகிப்தை விட்டு ஒரே இரவில் புறப்பட்ட இஸ்ராயேலர் கானான் நாட்டைச் சேர நாற்பது ஆண்டுகள் ஆயின. சட்டம் ஒரே நாளில் விடுவிக்கும். கடனோ மறுபடியும் கட்டிப்போடும். முன்பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளின் படிப்பை நிறுத்தி, குடும்பத்தோடு வெளியூருக்குச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜாகீர்தார் போய்விட்டார், முன்பணம் வந்துவிட்டது.

இப்போது நம்மைப் பார்ப்போம். நாம் யாருக்கும் கடன்படாதவர்களா? கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி, அடிவாரத்து அணையில் தேங்கி, நம் வயல்களுக்கு வருகிறது. நம் நெல்லுக்கும் கரும்புக்கும் மலை தண்ணீர் கொடுத்திருக்கிறது. ஒரு நாளும் வட்டி கேட்டதில்லை. மரவள்ளிக் குச்சியை நட்டவர் கிழங்குக்காக ஒன்பது, பத்து மாதங்கள் மண்ணை நம்பிக் காத்திருக்கிறார். ஆனால் கடன் கொடுத்தவர் ஒரு வாரம் பொறுக்கிறாரா? காய்க்காத அத்தி மரத்தை வெட்ட வந்த எசமானிடம், இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்ட தோட்டக்காரரை நினைவில் கொள்வோம்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. உடன் ஊழியன் பட்ட கடன் நூறு தெனாரியம், அதாவது நூறு நாள் வேலைக்கான கூலி. ஏழைக்கு அது சிறிய தொகை அன்று. ஆனால் அவன் கழுத்தை நெரித்தவன் அரசனிடம் பட்டிருந்த கடனோ பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்துக்கு ஆறாயிரம் தெனாரியம் என்று பெருக்கினால் ஆறு கோடி நாள் கூலி! எத்தனை பிறவி எடுத்தாலும் தீராது. அத்தனையும் தள்ளுபடி பெற்று வெளியே வந்தவன், வாசலிலேயே நூறு நாள் கூலிக்காக ஒருவன் குரல்வளையைப் பிடித்தான். காலையில் நற்கருணை வாங்கிவிட்டு மாலையில் கந்து வட்டி வசூலிக்கப் போனால், நாமும் அவனும் ஒன்றுதான்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை நாம் மறக்கலாகாது. மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுள் பலர் அன்றாடக் கூலிகள். "குடித்தவன் செத்தான்" என்று சொல்லிவிட்டு நடப்பது எளிது. எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போகும் வழியில் குருவும் லேவியனும் அப்படித்தான் நடந்தார்கள். சமாரியனோ காயம் கட்டியதோடு நில்லாமல், சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலே செலவானால் திரும்பும்போது தருவதாக வாக்களித்தான். பிறனுக்காகத் தானே கடனாளியானான். தகப்பனை இழந்த பிள்ளைகள் எங்கே இருந்தாலும் அவர்களின் பள்ளிச் செலவு நம் கணக்கில் எழுதப்பட வேண்டியதே.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, இந்த ஜூபிலியில் நாம் மூன்று காரியங்கள் செய்வோம். வட்டிக்குக் கொடுத்தவர்கள், தங்களிடம் உள்ள புரோநோட்டுகளில் மிகவும் ஏழையானவருடையதை எடுத்து, வட்டியையாவது தள்ளுங்கள். இயன்றவர்கள் பத்திரத்தையே கிழித்துவிடுங்கள். சக்கேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்த அன்றுதான் அவன் வீட்டுக்கு மீட்பு வந்தது. அடுத்ததாக, வாணவேடிக்கைக்கென்று ஒதுக்கிய பணத்தை, முன்பணத்தில் சிக்கிய ஒரு குடும்பத்தை மீட்கக் கொடுப்போம். மூன்றாவதாக, குடிப்பழக்கத்தில் விழுந்தவரின் வீட்டுக்கு ஏளனத்தோடு போகாமல், சிகிச்சைக்கு அழைத்துச் செல்லப் போவோம்.

கர்த்தர் கற்பித்த செபத்தை நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். அதில் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் 'கடன்கள்' என்பதே. இன்றிரவு குடும்ப செபத்தில் அந்த இடத்துக்கு வரும்போது சற்று நிறுத்தி, நமக்குக் கடன்பட்ட ஒருவரின் பெயரை மனத்தில் சொல்லுவோம். அங்கே நம் ஜூபிலிக் கொம்பு ஒலிக்கட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் நம் குடும்பங்களையும், நம் வயல்களையும், நமக்குத் தண்ணீர் தரும் மலையையும், அம்மலை மக்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.