வீட்டில் நெட் மெதுவானால் முதலில் எதைப் பார்ப்பது?

(நமது அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் மண்ணடியில் ஒரு ஃபிளாட்டுக்குப் போயிருந்தோம். அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் சேர்ந்து இருக்கிறார்கள். நெட் கட்டணம் பாதிப் பாதி. தம்பி துபாயில் இருக்கிறார். இரவில் அவர் பாட்டிமில் அழைத்தால் படம் அப்படியே நின்று, பேச்சு அறுந்துவிடும். அண்ணன் மகன் கேம் ஆடுவதுதான் காரணம் என்று தம்பி வீட்டார் சொல்ல, பங்குப் பணம் தரமாட்டோம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

நாங்கள் பையனிடம் எதுவும் கேட்கவில்லை. மற்ற போன்களில் வைஃபையை அணைக்கச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக ரவுட்டரில் செருகி வேகம் பார்த்தோம். 100 எம்பிபிஎஸ் திட்டம், 93 வந்தது. வெளியிலிருந்து வரும் லைனில் குறையில்லை. அதே லேப்டாப்பைப் பின் அறைக்குக் கொண்டுபோய் வைஃபையில் பார்த்தால் 7தான்!

ரவுட்டர் ஹாலில் ஷோகேஸுக்குள், டிவிக்குப் பின்னால், மீன் தொட்டியை ஒட்டி இருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் இரும்பும் தண்ணீரும் சிக்னலை விழுங்கும். நடைவழியில் ஆள் உயரத்தில் மாட்டினோம். (ஃபைபர் வயரை மடக்கி வளைக்காதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி இழை.) பின் அறையில் 40 வந்தது. ரவுட்டரில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதில்தான் நெரிசல். அதற்கு 1, 6, 11 ஆகிய சேனல்களில் காலியானதை வைக்க வேண்டும்.

அப்படியும் ஒன்பது மணிக்குப் பேச்சு தடுமாறியது. பார்த்தால், இரு வீட்டுப் போன்களும் அன்றைய வீடியோக்களைத் தாமாகவே மேலே ஏற்றிக்கொண்டிருந்தன. ஏற்றும் வழி நிரம்பினால் நேரடிப் பேச்சுதான் முதலில் அடிபடும். பேசும் நேரத்தில் அதை நிறுத்திவைக்கச் சொன்னோம். கேமோ, ஆடும்போது மிகக் கொஞ்சம் டேட்டாதான் எடுக்கும். அதன் அப்டேட்தான் பெரிது. பையனிடம் சின்னம்மா மன்னிப்புக் கேட்டார்.

கேபிளிலேயே வேகம் குறைந்தாலோ, பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, அது லைன் கோளாறு. நேரத்தையும் வேகத்தையும் மூன்று நாள் குறித்துவைத்துப் புகார் செய்யுங்கள்.

கேபிள் இல்லாதவர்கள் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். இரண்டுதான் இருக்கிறது, மறுநாளே திருப்பித் தந்துவிடுங்கள்.