புற்றரை விதைக்க உகந்த காலம்

வீட்டு முற்றத்திலே புற்றரை அமைக்க விரும்புவோர் முதலிற் கேட்பது எந்த விதை, என்ன விலை என்பதே. எப்போது விதைப்பது என்னும் கேள்வி விதைப்பொதியை வாங்கி வந்த பின்னரே எழுகின்றது. கையில் விதை இருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் இருக்கின்றது. ஆகவே அன்றே தூவிவிடுகின்றனர். இரண்டு வாரத்திலே பசுமை தலைகாட்டுகின்றது. இரண்டு மாதத்திலே மீண்டும் மண் தலைகாட்டுகின்றது. கொள்ளுப்பிட்டியில் இன்னும் முற்றம் எஞ்சியிருக்கும் வீடுகளிலே இக்காட்சி அரிதன்று. பழி விதை விற்றவர் மேல் விழுகின்றது. பெரும்பாலும் குற்றம் விதையிலன்று, விதைத்த நாளிலேயே இருக்கின்றது.

இங்கிலாந்தில் எழுதப்பட்ட தோட்ட நூல்களைப் புரட்டினால் இளவேனிலும் கூதிர்காலமும் விதைப்புக்கு ஏற்றவை என்றும், அவற்றுள்ளும் செப்டெம்பர் மாதத் தொடக்கமே சிறந்ததென்றும் காணலாம். கோடையிற் சூடேறிய மண் அப்போது இன்னும் ஆறியிராது, மழை திரும்பும், களைகளின் வேகம் தணியும், குளிர் வருமுன் புல் வேரூன்றிக்கொள்ளும். அந்நாட்டுக்கு அக்கணக்கு முற்றும் பொருத்தம். ஆனால் கொழும்பிலே மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரி வேறுபாடு இரண்டு பாகை அளவே. ஆண்டு முழுவதும் மண் சூடாகவே இருக்கின்றது. எனவே இங்கே விதைப்புக் காலத்தை நிருணயிப்பது வெப்பமன்று, மழையே. பேராதனைப் பூங்காவிற் பணியாற்றிய மக்மில்லன் 1910 ஆம் ஆண்டில் வெப்பநாட்டுத் தோட்டக்கலைக்கெனத் தனியே ஒரு கைநூல் வெளியிட வேண்டியிருந்தமைக்கு இத்தகைய வேறுபாடுகளே காரணம். குளிர்நாட்டுப் புல்லினங்களான ரை, பெஸ்கியூ ஆகியவற்றின் விதை கலந்த பொதிகளைக் கொழும்பு மண்ணில் எந்த மாதத்தில் தூவினாலும் பயனில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

வடபகுதியிலிருந்து கொழும்புக்கு வந்து குடியேறியோருக்கு மற்றொரு தடுமாற்றம் உண்டு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது செவிவழி வந்த பாடம். யாழ்ப்பாணத்தார் மாரி ஒன்றையே நம்பிப் பயிரிட்டுப் பழகியவர்கள். கொழும்புக்கோ மாரி இரண்டு. ஆடி மாதம் இங்கே ஒரு மழைக்காலம் ஓய்ந்து மற்றொன்று தொடங்காத இடைவெளியாகவே அமைகின்றது.

எண்கள் செவிக்கு இனியவையல்ல. எனினும் இவ்விடத்தில் அவற்றைத் தவிர்த்தல் இயலாது. 1961 முதல் 1990 வரையான முப்பது ஆண்டுச் சராசரிப்படி, கொழும்பிலே ஜனவரியில் ஏறத்தாழ 58 மில்லிமீற்றரும் பெப்ரவரியில் 73 மில்லிமீற்றரும் மழை பெய்கின்றது. ஏப்ரலில் அது 246 ஆக உயர்ந்து, மே மாதத்தில் 393 ஆகின்றது. பின்பு ஓகஸ்ட் வரை படிப்படியாகக் குறைகின்றது. செப்டெம்பரில் மீண்டும் ஏறத் தொடங்கி, ஒக்டோபரிலும் நவம்பரிலும் மிகுந்து, டிசெம்பரில் மீண்டும் குறைகின்றது. இரண்டு மலைகளும் அவற்றிடையே ஒரு சிறு பள்ளத்தாக்கும் போன்றது இவ்வரைபடம்.

மழை மிகுந்த மாதமே விதைக்க நல்லதென்று தோன்றலாம். அதுவே பலரும் ஏமாறும் இடம். அறுகம்புல் விதை ஒரு கிலோவில் முப்பது இலட்சத்துக்கு மேல் இருக்கும், அத்துணைச் சிறிது. அதனை அரை அங்குல ஆழத்திற் புதைத்தாலும் முளை மேலே வருவது அரிது. மேல்மண்ணோடு மண்ணாக, கால் அங்குலத்துக்குள்ளேயே அது கிடத்தல் வேண்டும். மே மாத இறுதியிலே தென்மேல் பருவக்காற்றோடு கொட்டும் மழை அந்த மேல்மண்ணையே வாரிச் சென்று வடிகாலிற் சேர்த்துவிடும். ஒக்டோபரிலும் நவம்பரிலும் மாலை வேளைகளில் இடிமுழக்கத்தோடு பெய்யும் மேற்காவுகை மழையும் அவ்வாறானதே. ஒரு மணி நேரத்தில் முற்றம் குளமாகும். நீர் வடிந்தபின் பார்த்தால் விதை முழுவதும் ஒரு மூலையிலே குவிந்திருக்கும்.

ஆகையால் பார்க்க வேண்டியது விதைக்கும் மாதத்தின் மழையை மட்டுமன்று. அதற்குப் பின் வரும் நூறு நாட்களின் மழையையுமே. முளைக்கும் இரண்டு மூன்று வாரமும் மெல்லிய மழை அடிக்கடி வேண்டும். வேரோடிய பின்பு பெருமழை வந்தாலும் கேடில்லை. வறட்சி வருமுன் புல் தரையை மூடிக்கொள்ளல் வேண்டும். இம்மூன்றும் பொருந்துவது செப்டெம்பர் மாதத்திலேயே. தமிழ்க் கணக்கில் ஆவணிப் பிற்கூறும் புரட்டாதி முற்கூறும். அம்மாதத்தில் மழை மிதமானது. ஆனால் ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒரு நாள் பெய்வது. ஒக்டோபரின் இடிமழை வரும்போது விதைப் பருவம் கடந்திருக்கும். ஜனவரியின் வறட்சி வரும்போது புல்லுக்கு நான்கு மாத வயது. இங்கிலாந்து நூலும் செப்டெம்பர் என்றே சொல்லுகின்றதே என்று எவரேனும் கேட்கலாம். மாதம் ஒன்று, காரணம் வேறு. அங்கே குளிருக்கு அஞ்சி விதைக்கின்றனர். இங்கே வரப்போகும் மழையை எண்ணி விதைக்க வேண்டும்.

கடலோரத்தில் இன்னொரு காரணமும் சேர்கின்றது. மே முதல் ஓகஸ்ட் வரை தென்மேல் காற்று அலையின் உப்புத்துவலையைக் கரைமேல் வீசுகின்றது. இளம்புல்லின் நுனி அதனாற் கருகும். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் நிறைவுசெய்த உலாப்பாதையை உடைய காலிமுகத்திடல் கொள்ளுப்பிட்டியின் வடக்கெல்லையிலேயே கிடக்கின்றது. அங்கே புல் பலமுறை அழிந்து மண் தெரிந்ததற்கு மக்களின் கால்கள் ஒரு பாதிக் காரணமென்றால், உப்புக்காற்று மறுபாதிக் காரணம். செப்டெம்பரில் அக்காற்றின் கடுமை தளரத் தொடங்குகின்றது.

அப்படியாயின் ஏப்ரலை முற்றாகத் தள்ளிவிடலாமா? ஆகாது. இன்றைய கொள்ளுப்பிட்டியிலே அதற்கு ஒரு தனி இடம் உண்டு. ஓட்டுக் கூரை வீடுகள் நின்ற வளவுகளிலே பல மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. எஞ்சிய முற்றங்கள் அவற்றின் நிழலிற் கிடக்கின்றன. கொழும்பின் உச்சிக்கு நேரே சூரியன் வருவது ஆண்டில் இருமுறை: ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும். செப்டெம்பருக்குப் பின்பு சூரியன் தென்புறம் சாய்ந்து செல்லுகின்றது. டிசெம்பர் மாத நண்பகலில் முப்பது மீற்றர் உயரமான கட்டடம் ஒன்று வடக்கே ஏறக்குறைய பதினேழு மீற்றர் தூரத்துக்கு நிழல் விரிக்கும். தெற்கே உயர்ந்த கட்டடம் நிற்கும் முற்றத்தில் செப்டெம்பரில் விதைத்த அறுகு, முளைத்த நாள் முதல் வெயில் காணாமல் வெளிறிவிடும். அத்தகைய முற்றத்துக்கு ஏப்ரலின் முதல் நாட்களே உரியவை. மே மழை தொடங்குமுன் ஏழெட்டு வாரம் கிடைக்கும். வடக்கே கட்டடம் நிற்குமாயின் இவ்விடர் இல்லை. விதை வாங்குமுன் நண்பகலில் முற்றத்திலே நின்று நிழல் எப்பக்கம் விழுகின்றதென்று பார்த்துவிடுவது, பணமில்லாமற் செய்யக்கூடிய சோதனை.

செப்டெம்பரில் விதைக்க எண்ணுவோர் ஓகஸ்ட் மாதத்தை வீணாக்கலாகாது. கோரைக்கிழங்கு இப்பகுதி முற்றங்களின் பெரும் பகை. மழை குறைந்த அம்மாதத்தில் நிலத்தைக் கொத்தி, கிழங்குகளை வெயிலிலே காயவிட்டுப் பொறுக்கி, இரு வாரம் கழித்து எஞ்சியவை முளைத்ததும் மீண்டும் ஒருமுறை பொறுக்கிவிட்டால் பிற்காலத்து உழைப்பிற் பாதி குறையும். நிலத்தை வீட்டுச் சுவரிலிருந்து அப்பாற் சரியும்படி மட்டப்படுத்துவதும் அப்போதே. காலி வீதிக்கு மேற்கே மண் பெரும்பாலும் மணல், நீர் தங்காது, மக்கிய இலையுரம் நிறையச் சேர்க்க வேண்டும். கிழக்கே செல்லச் செல்லக் கபுக் எனப்படும் செம்பூரான்கல் மண். அங்கே இறுகிய தரையைத் தளர்த்துவதே முதல் வேலை. விதையைத் தூவியபின் மெல்லிய மணலால் மூடி, தென்னோலைக் கீற்றுகளை இடைவெளிவிட்டுப் பரப்பினால் மழைத்துளியின் வேகம் தணியும். முளை கண்டதும் அவற்றை எடுத்துவிட வேண்டும்.

கடலுக்கு மிக அருகே மணிலாப் புல்லும், பபலோ புல் என்று சொல்லப்படும் தடித்த இலைப் புல்லும் உப்பைத் தாங்கும். இவை விதையிலிருந்தல்ல, தண்டுத் துண்டுகளிலிருந்தே பெரும்பாலும் வளர்க்கப்படுகின்றன. சிங்களத்திலே பொட்டுத் தண எனப்படும் அகன்ற இலைப் புல் ஓரளவு நிழலைப் பொறுக்கும், உப்பைப் பொறாது. தண்டு நடுவோருக்கு மழை வாரிச்செல்லும் அச்சம் குறைவு. ஆகையால் அவர்கள் ஒக்டோபர் நடுப்பகுதி வரை தாமதிக்கலாம். டிசெம்பரில் நடுவோர் மட்டும் தண்ணீர்க் கட்டணத்தை முன்னரே எண்ணிப் பார்த்துக்கொள்ளல் நலம்.

அக்கணக்கு எளிது. நூறு சதுர மீற்றர் இளம்புற்றரைக்கு நாளொன்றுக்கு நான்கு மில்லிமீற்றர் நீர் என்று கொண்டால் 400 லீற்றர் ஆகின்றது. மழையில்லாத முப்பது நாளுக்கு 12,000 லீற்றர். 1886 ஆம் ஆண்டு முதல் கொழும்புக்கு நீர் தரும் லபுகம நீர்த்தேக்கமும், அம்பத்தலையிலே களனி ஆற்றிலிருந்து எடுக்கப்படும் நீரும் அவ்வறட்சி மாதங்களில் அடுப்படிக்கும் குளியலறைக்கும் வேண்டியவை. களனியின் ஓட்டம் குறையும்போது கடலின் உவர்நீர் ஆற்றின் வழியே மேலேறி வருவதும் உண்டு. அதனைத் தடுக்க அம்பத்தலையிலே தடுப்பணை அமைக்க நேர்ந்தது. செப்டெம்பரில் விதைத்தவருடைய புல் ஜனவரியிலே சற்று மஞ்சளித்தாலும் வேர் பிழைத்திருக்கும். வாரம் ஒருமுறை ஆழமாக நனைத்து, இலையைச் சற்று உயரமாக விட்டு வெட்டினால், மார்ச் மாதத்து முதல் மழைக்கு அது மீண்டும் பசுமையாகும்.