வேலியோரத்துப் பூவரசு



கல்முனைப் பக்கத்தில் பூவரசைத் தெரியாதவர் எவருமிலர். ஆயினும் அதனை ஒரு மரமென்று மதிப்போர் சிலரே. எமக்கு அது கதியால். கிடுகு வேலியைத் தாங்கி நிற்கும் தடி. மருதமுனையிலும் சாய்ந்தமருதுவிலும் வளவுகளின் எல்லையைக் காட்டி நின்றது அதுதான். இன்று மதில் எழும் இடமெல்லாம் முதலில் வெட்டுண்பது பூவரசே.

வெட்டுமுன் ஒருமுறை அதனை நிமிர்ந்து பாருங்கள். இலை அரசிலை போன்றது. பூவும் உள்ள அரசு என்பதாற் பூவரசு. கோடையிலும் மொட்டையாகி நிற்பதில்லை. பருத்திக்கும் வெண்டிக்கும் செவ்வரத்தைக்கும் இது உறவு. காலையில் மஞ்சளாக விரியும் பூவின் நடுவே கருஞ்சிவப்புப் பொட்டிருக்கும். பொழுது சாயச் சாய அந்த மஞ்சள் செம்மையேறி வாடும். அதனால் ஒரே கிளையில் நேற்றைய பூவும் இன்றைய பூவும் வெவ்வேறு நிறத்தில் இருக்கக் காணலாம்.

கடற்கரை இதற்குத் தாய்வீடு. காய் உவர்நீரில் மிதந்து போய், உள்ளிருக்கும் விதை வேறொரு கரையில் முளைக்கும். இந்து சமுத்திரக் கரைகளிலும் பசிபிக் தீவுகளிலும் இது பரந்து நிற்பதன் இரகசியம் இதுவே. 1769இல் கப்டன் குக்குடன் தாகித்தித் தீவுக்குப் போன தாவரவியலாளர் சோலாண்டர், அங்கே புனித இடங்களில் இம்மரம் நிற்கக் கண்டு, 'தெய்வீகமானது' என்ற பொருளில் 'தெஸ்பீசியா' எனப் பெயரிட்டார்.

எமது நாட்டில் இந்தப் பூ அரசியலும் பேசியது. நவம்பர் 11ஆந் திகதி விற்கப்பட்ட பொப்பி மலரின் பணத்திற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே போகிறதென்று, 1931இல் முன்னாள் படைவீரர் சிலர் பூவரசம் பூவை விற்றனர். சிங்களத்தில் சூரிய மல். 1933இல் இளைஞர்கள் அதனைக் கையேற்று ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கினர். 1934, 35இல் மலேரியாக் கொள்ளைநோய் வந்தபோது அவர்களே கிராமங்களில் நிவாரணப் பணி செய்தனர்.

மரம் கடினமானது, நீரைத் தாங்குவது. வண்டிச் சில்லுக்கும் படகுக்கும் பயன்பட்டது. காயின் மஞ்சட் பாலைச் சொறி சிரங்குக்குப் பூசுவர். உள்ளே அருந்துவதென்றால் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவதற்கு மட்டும் எவரையும் கேட்க வேண்டியதில்லை!

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் எமது கரையில் பல இடங்களிற் சவுக்கு நடப்பட்டது. பூவரசு நின்றிருந்தால் அந்த அலையைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சவுக்கு வெளியிலிருந்து வந்தது. உப்புக்காற்றும் மணலும் பூவரசுக்குப் பழகியவை. நிழலும் கூடுதல்.

நட விரும்புவோர் மாரி மழை தொடங்கும்போது கைத்தடிப் பருமனில் ஒரு கதியாலை ஊன்றினாற் போதும், துளிர்த்துவிடும். நேரான மரம் வேண்டுமென்றால் விதை போடுங்கள். மதிலோரத்தில் நடுபவர்கள் சற்று உள்ளே தள்ளி நடுவது நல்லது. இல்லாவிடில் உதிரும் சருகு அடுத்த வளவுக்குப் போய், வழக்கு எம்மிடம் வரும்!