பழைய கம்ப்யூட்டரில் இருந்த நம் கடிதங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரிக் கணக்குக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் நடுவில் எனக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். லிஃப்ட் விஷயத்துக்காகக் காத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் பின்பக்கக் காலி இடம் யாருடையது என்ற பேச்சு மறுபடி கிளம்பியது உங்களுக்குத் தெரியும். பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கும் முன்னாள் செயலாளருக்கு ஃபோன் போட்டோம். "அது பொது இடம்தான் என்று பில்டரே 2011-இல் மெயில் அனுப்பியிருக்கிறாரே சார்" என்றார். சந்தோஷப்பட்டோம். வக்கீலோ, "மெயிலைக் காட்டுங்கள்" என்றார். சங்கத்தின் மெயிலை இணையத்தில் திறந்து பார்த்தால் 2019-க்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

யாரும் அழிக்கவில்லை. பழைய செயலாளர் அலுவலக அறைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் லைவ் மெயில் வைத்திருந்தார். அதில் கணக்கு 'பாப்' முறையில் அமைக்கப்பட்டிருந்தது. தபால் ஆபீசுக்குப் போய் நம் பெயருக்கு வந்த கடிதங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவது போன்றது பாப். 'சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்' என்று டிக் போடாவிட்டால் அங்கே எதுவும் மிஞ்சாது. 2019-இல் புதிய செயலாளர் வந்து தன் ஃபோனில் 'ஐமேப்' முறையில் வைத்துக்கொண்டார். அதில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும், நாம் எங்கிருந்தும் பார்க்கலாம். ஆக, முதல் பத்து வருடக் கடிதங்களும் மூலையில் துணி போர்த்திக் கிடந்த அந்த ஒரே பெட்டிக்குள் மாட்டிக்கொண்டன.

போன மாதம் அதை ஆன் செய்தேன். ஹார்ட் டிஸ்க் 'டக், டக்' என்று சத்தம் போட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தச் சத்தம் வந்தால் டிஸ்க் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது. லைவ் மெயிலுக்கு 2017 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. நீங்களும் சிரிக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. பலர் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறீர்கள், பழையதைக் காயலான் கடைக்குப் போடுகிறீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

நான் முதலில் எந்த மெயிலையும் திறக்கவில்லை. லைவ் மெயில் ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனி 'இ.எம்.எல்.' கோப்பாகச் சேமிக்கிறது. அவை 'ஆப் டேட்டா' என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும். மறைந்த ஃபோல்டர்களைக் காட்டும்படி விண்டோஸ் அமைப்பில் மாற்றினால்தான் கண்ணில் படும். அந்த ஃபோல்டரை முழுசாக ஒரு பென் டிரைவில் காப்பி செய்தேன். இரண்டாவது பென் டிரைவிலும் செய்தேன். அதற்குப் பிறகுதான் லைவ் மெயிலைத் திறந்து, ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை கடிதம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். இந்தத் தாள்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

புதிய கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு போட்டேன். இலவசம், 2004-இலிருந்து இருக்கிறது. அதில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்தில் புதிய பெட்டி ஒன்று உண்டாக்கி, இ.எம்.எல். கோப்புகளை மவுஸால் இழுத்துப் போட்டாலே போதும், உள்ளே போய்விடும். பத்து இருபது என்றால் அப்படிச் செய்யலாம். ஆயிரக்கணக்கில் என்றால் 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' என்ற இணைப்பு நிரலைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஃபோல்டரையே ஒட்டுமொத்தமாக உள்ளே எடுக்கலாம். நான் அதைத்தான் செய்தேன். அரைமணி நேரத்தில் முடிந்தது. வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக் காப்பியும் குடித்தேன்.

அப்புறம் தாளை எடுத்து எண்ணிக்கையைச் சரிபார்த்தால், வந்த கடிதங்கள் சரி, அனுப்பியவை சரி, ஆனால் மொத்தத்தில் முந்நூற்றுச் சொச்சம் குறைந்தது. 2011 மெயிலையும் காணோம். மறுநாள்தான் புரிந்தது. அந்த இணைப்பு நிரல் இரண்டு வழி கேட்கிறது. ஒன்று இந்த ஃபோல்டரில் மட்டும் எடுப்பது. மற்றது உள்ளே இருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்து எடுப்பது. நான் முதலாவதை அழுத்தியிருந்தேன். பழைய செயலாளரோ ஒழுங்கான மனிதர். மாநகராட்சி, மின்வாரியம், பில்டர் என்று தனித்தனிப் பெட்டி போட்டு வைத்திருந்தார். அந்தப் பெட்டிகள் அத்தனையும் வெளியே நின்றுவிட்டன. திரும்ப எடுத்தேன். பில்டர் பெட்டியில் அந்த மெயில் இருந்தது, இணைத்த வரைபடத்தோடு.

வக்கீலிடம் அச்செடுத்துக் கொண்டு போனபோது, "அச்சு இருக்கட்டும், மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள்" என்றார். இ.எம்.எல். கோப்பில் யாரிடமிருந்து, எந்தத் தேதி, எந்த சர்வர்கள் வழியாக வந்தது என்பதெல்லாம் இருக்கும். மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் காட்ட ஒரு சான்றிதழும் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் 65பி, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவு. அதனால் அந்தப் பழைய பெட்டியையும் தூக்கிப் போடவில்லை. துணி மட்டும் மாற்றியிருக்கிறோம்.

முகவரிப் பட்டியல் தனிக் கதை. மெயிலை நகர்த்தினால் முகவரிகள் கூடவே வராது, அவை வேறு இடத்தில் இருக்கின்றன. அவற்றை 'சி.எஸ்.வி.' கோப்பாக வெளியே எடுத்தேன். சும்மா இருந்திருக்கலாம். எடுத்ததை ஸ்பிரெட்ஷீட்டில் திறந்து, ஒவ்வொரு பிளாட் எண்ணுக்கும் எதிரே பெயரைத் தமிழில் தட்டி, சேவ் செய்து தண்டர்பேர்டுக்குக் கொடுத்தேன். தமிழ்ப் பெயர் எல்லாம் கேள்விக்குறியாக வந்தது. தொன்னூற்றொன்றில் தொடங்கும் ஃபோன் எண்கள் '9.19' என்று ஆரம்பித்து ஏதோ விஞ்ஞானக் கணக்கு மாதிரி நின்றன. தப்பு என்னுடையது. சேவ் செய்யும்போது 'சி.எஸ்.வி. யூடிஎஃப்-8' என்று இருப்பதைத் தேர்ந்தால்தான் தமிழ் பிழைக்கும். ஃபோன் எண் உள்ள பத்தியை, திறக்கும்போதே 'டெக்ஸ்ட்' என்று சொல்லிவிட வேண்டும். சேவ் ஆன பிறகு அந்த இலக்கங்கள் திரும்பி வராது. நல்லவேளை, கை வைக்காத பிரதி பென் டிரைவில் இருந்தது.

வீட்டில் அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கடிதங்கள் 'பி.எஸ்.டி.' என்ற ஒரே பெரிய கோப்பில் இருக்கும். தண்டர்பேர்டு அதை நேரடியாகப் படிக்காது. அவுட்லுக் அதே கம்ப்யூட்டரில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். அவுட்லுக்கை நீக்கிவிட்டு என்னிடம் வந்தால் நான் காப்பி மட்டும்தான் தர முடியும்.

எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பேரன் பேத்தி ஃபோட்டோவும், காலமானவர்கள் எழுதிய கடிதமும் பழைய மெயிலில் வைத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஏ பிளாக் அம்மா ஒருவர் நேற்று லிஃப்டில் கேட்டார், அதனால் சொல்கிறேன். அடுத்த நான்கு ஞாயிறும் காலை பதினொன்று முதல் ஒரு மணி வரை சங்க அறையில் இருப்பேன். கம்ப்யூட்டரையும் காலி பென் டிரைவ் இரண்டையும் கொண்டு வாருங்கள். பாஸ்வேர்டை என்னிடம் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள். சங்கக் கடிதங்கள் உள்ள பென் டிரைவ்களில் ஒன்று பீரோவில், இன்னொன்று பொருளாளர் வீட்டில். இனி செயலாளர் மாறும்போது ரெஜிஸ்டரோடு இதையும் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கலாம் என்று தீர்மானம் கொடுத்திருக்கிறேன். முன்மொழிந்தாயிற்று, வழிமொழிய யாராவது கை தூக்கினால் லிஃப்டுக்குப் போகலாம்.