அறுபதுக்கு மேல் ஒரு ரோடு பைக்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கீழே பார்க்கிங் தூணோடு பூட்டியிருக்கும் மெல்லிய டயர் சைக்கிள் யாருடையது என்று பலர் வாட்ச்மேனிடம் விசாரித்திருக்கிறீர்கள். என்னுடையதுதான். வாங்கி மூன்று மாதம் ஆகிறது. "இந்த வயசில் ரேஸ் சைக்கிள் எதற்கு சார்?" என்று கேட்டவர்களுக்கும், "பையனுக்கு வாங்கலாமா?" என்று கேட்டவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நம் தலைமுறைக்கு சைக்கிள் என்றால் 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ.தான். கேரியரில் அரிசி மூட்டை, முன்பாரில் பிள்ளை என்று ஓட்டினோம். அந்த வண்டி 20 கிலோவை ஒட்டி இருக்கும். இது 10 கிலோ. ஒரு கையால் தூக்கிக்கொண்டு படியேறலாம். (போட்டி சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று பன்னாட்டு சைக்கிள் சம்மேளனம் விதியே போட்டிருக்கிறது!) கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல் தனியாக வாங்கி மாட்டினேன். "இவ்வளவு விலை கொடுத்தும் ஒரு ஸ்டாண்டு கூட இல்லையா?" என்றார் என் வீட்டுக்காரம்மா. ஆடிட்டர் கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

ஏறி மிதித்ததும் முதலில் தெரிவது, மிதித்த மிதிக்கு உடனே பலன். பழைய சைக்கிள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகரும், இது யோசிப்பதில்லை. அடுத்து, காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றைத் தள்ள எட்டு மடங்கு சக்தி வேண்டும். கைப்பிடியை ஆட்டுக்கொம்பு போல வளைத்து நம்மைக் குனிய வைப்பது அதற்காகத்தான். நம் வயதில் அந்தக் குனிவு முதல் இரண்டு வாரம் கழுத்தையும் உள்ளங்கையையும் பதம் பார்க்கும். விரல் மரத்தால் கடையில் சொல்லிக் கைப்பிடியை உயர்த்திக்கொள்ளுங்கள். சீட் உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. குதிகாலை பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். எந்தக் கையில் எந்த பிரேக் என்று தெரிந்துகொள்ளாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். முன் பிரேக்கை மட்டும் சடக்கென்று பிடித்தால் வண்டி நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம்.

டயர் அகலம் 28 மில்லிமீட்டர். காற்று 80 பவுண்டு பிடிக்கிறேன். பஞ்சர் கடை பம்பு இதன் வால்வில் பொருந்தாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி நம் ஊர் விஷயம். வள்ளூரில் மேடு என்று எதுவும் இல்லை, ரயில்வே மேம்பாலம்தான் நமக்கு மலை. ஆனால் திருவொற்றியூர் – பொன்னேரி – பஞ்செட்டி சாலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம் எல்லாவற்றுக்குமான கனரக வண்டிகள் போகிற ஏரியா. ஓரமாகப் போனால் மணலும் சாம்பல் தூசியும் படிந்திருக்கும். பழைய சைக்கிள் தாண்டிவிடும், இந்த டயர் வழுக்கும். உள்ளே தள்ளிப் போனால் கன்டெய்னர் டிரெய்லர். கடந்து போகும்போது அது கிளப்பும் காற்றிலேயே 10 கிலோ வண்டி ஆடுகிறது.

ஆகவே பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான்: டிரெய்லரின் இடது பக்கத்தில் ஒருபோதும் நுழையாதீர்கள். டிரைவர் உட்கார்ந்திருப்பது வலது பக்கம். அவர் இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. தண்டவாளத்தைக் கடக்கும்போது நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் கிளம்பி, மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரிப் பக்கம் போய், எட்டு மணிக்குள் திரும்பிவிடுகிறேன். ஹெல்மெட்டும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாமல் கேட்டைத் தாண்டுவதில்லை. வார நாட்களில் அந்தச் சாலை பக்கமே போவதில்லை. குடியிருப்புக்குள்ளேயே 20 சுற்று. பையனுக்கு வாங்கலாமா என்றால், இந்த ஒழுங்குக்கு அவன் சம்மதித்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அகல டயர் வண்டியே போதும்.

கடைசியாக, உள்ளே ஓட்டும்போது கவனித்த ஒன்று. நம் மெயின் கேட்டில் மழைநீர்க் கால்வாய் மேல் போட்டிருக்கும் இரும்பு கிராதியின் கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கின்றன. இடைவெளியை அளந்து பார்த்தேன், 35 மில்லிமீட்டர். என் டயர் நேராக உள்ளே இறங்கும். நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். ஆனால் பி பிளாக்கில் இரண்டு பிள்ளைகளுக்கு இதே மாதிரி சைக்கிள் வந்திருக்கிறது, அவர்கள் இறங்குவதாகத் தெரியவில்லை. வெல்டரிடம் கேட்டேன். மேலே குறுக்கே பட்டைக் கம்பி வைத்துப் பற்றவைத்தால் போதும், அரை நாள் வேலை என்றார். மழைக்காலம் தொடங்கும் முன் செய்துவிட வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்களுக்குச் சங்க அலுவலக மேஜையில் தாள் இருக்கிறது.